அம்மா வந்த வழி

செப்டம்பர் 3, செவ்வாய்

அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. மூன்று மாதம் தங்கலாம். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நான் வருடக்கணக்காக இழுத்தடித்ததைக் கலைவாணி மூன்றே வாரத்தில் முடித்துவிட்டாள். மாமியார் வருவதில் அவளுக்கு இருக்கும் ஆர்வத்தைப் பார்த்தால், டி.வி. சீரியல் எழுதுகிறவர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியதுதான்.

சாயங்காலம் திருச்சிக்குப் போன் போட்டேன். அம்மா முதலில் நம்பவில்லை.

"நிஜமாவாடா தணிகை? நானா? நியூசிலாந்துக்கா?"

"ஆமாம்மா. அக்டோபர்ல வா. இங்க குளிர் விட்டிருக்கும்."

"ரெண்டு நாள் பறக்கணுமேடா. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்க..."

"தாங்கிடுவம்மா. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் கலைவாணி கேட்டாள். "ரெண்டு நாளா? திருச்சியிலருந்து ஆக்லாந்துக்கா?"

பாத்திரம் நிறையக் கிடந்தது. கழுவப் போய்விட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், மனதில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதவும் சொல்லியிருக்கிறார். மாத்திரையை விட இது மலிவு என்று ஆரம்பித்தேன். அதனால் அந்த இரண்டு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அது பொய் இல்லை. முதல் தடவை நான் இந்த ஊருக்கு வந்தபோது நிஜமாகவே இரண்டு நாள் ஆனது. இருப்பதிலேயே மலிவான டிக்கெட். சென்னை, கோலாலம்பூர், சிட்னி என்று ஏறி இறங்கி, ஒரு ராத்திரி முழுக்கத் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்து சேர்ந்தேன். அம்மா அதை உறையூர் முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம் பையன் இருக்கற ஊருக்குப் பிளேன்லயே ரெண்டு நாளு." அதில் அவளுக்கு ஒரு பெருமை.

பிறகு வழி சுருங்கிவிட்டது. திருச்சியில் ஏறினால் சிங்கப்பூர், சிங்கப்பூரில் ஏறினால் ஆக்லாந்து. காத்திருப்பது உட்படப் பத்தொன்பது மணி நேரம். நான் ஊருக்குப் போவதெல்லாம் அப்படித்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சித்தப்பா வீட்டுக் காதுகுத்து, இன்னொருவர் வீட்டு வளைகாப்பு என்று அழைப்பு வரும்போதெல்லாம் "போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள்" என்றால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். திருச்சி விமான நிலையத்தில் யாராவது கேட்டால், "சிங்கப்பூர்ல ஒரு நாள் கிடந்தேன்" என்பேன். வீட்டில் அம்மா உடனே வெந்நீர் போடுவாள். "பாவம், ரெண்டு நாளா குளிக்காம கெடக்கு பிள்ளை" என்பாள்.

பழைய உண்மை. புதுப்பிக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் புல் வெட்டினேன். இந்த ஊரில் சொந்த வீடு என்றால் பாதி வீடு, பாதி புல். எவ்வளவு வெட்டினாலும் அடுத்த ஞாயிறு கடன்காரனைப் போல வந்து நிற்கிறது.

மத்தியானம் டிக்கெட் பார்த்தேன். தேதியைப் போட்டதுமே முதல் வரிசையில் சிங்கப்பூர் வழிதான் வந்தது. விலையும் அதுதான் குறைவு. கலைவாணி காபியோடு பின்னால் நின்று, "அதைப் போட்டுடுங்க, சீட்டு தீர்ந்துடும்" என்றாள்.

"பாக்கறேன்" என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

டிக்கெட் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

கலைவாணி டிக்கெட்டைப் பார்த்துவிட்டாள். திருச்சியிலிருந்து சென்னை. சென்னையில் ஒரு ராத்திரி. அங்கிருந்து துபாய். துபாயில் காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருப்பு. பிறகு ஒரே பறப்பாக ஆக்லாந்து.

"துபாய் எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

"மேற்கே."

"நாம?"

"கிழக்கே."

"எழுபது வயசுக்காரங்களை மேற்க அனுப்பி, அப்புறம் கிழக்க கூட்டிட்டு வர்றீங்களா? அதுவும் கூடக் காசு கொடுத்து?"

எனக்குக் காரணங்கள் இருந்தன. அது பெரிய விமானம், கால் நீட்டலாம். சாப்பாடு நன்றாக இருக்கும். துபாயில் எங்கே திரும்பினாலும் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பார்கள். வீல்சேர் ஏற்பாடு பிரமாதம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பெண் யாழினி, பன்னிரண்டு வயது, மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "நேரா வந்தா பதினோராயிரம் கிலோமீட்டர்ப்பா. இது பதினேழாயிரம்" என்றாள்.

கலைவாணி அவளை உள்ளே அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "காரணம் எனக்குத் தெரியும். நீங்களே சொல்றீங்களான்னு பாக்கறேன்."

நான் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வியாழக்கிழமைதான் வண்டி வரும். ஒரு நாள் முன்னாலேயே வைத்தால் ஒன்றும் குற்றமில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

அம்மாவிடம் வழியைச் சொன்னேன்.

"துபாய் வழியாவா?" என்றாள். "வீரமணி வேற ஏதோ சொன்னானே..."

வீரமணி என் பெரியப்பா மகன். எனக்கு மூன்று வயது மூத்தவன். அம்மாவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். காஸ் சிலிண்டர் பதிவு செய்வதிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நான் செய்ய வேண்டியதையெல்லாம் அவன்தான் செய்கிறான்.

"அவருக்கு என்னம்மா தெரியும், பிளேன் பத்தி?"

"அதானே. நீ போட்டா சரியாத்தான் இருக்கும்."

பிறகு இட்லிப் பொடி எவ்வளவு கொண்டுவரலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். நானும் உற்சாகமாகப் பேசினேன். ஊறுகாய் வேண்டாம், விதை இருக்கிற எதுவும் வேண்டாம், கேட்டால் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிடு என்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

என் வேலை பால் பவுடர் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சரக்கு அனுப்புவது. எந்தப் பெட்டியை எந்தத் துறைமுகம் வழியாக அனுப்பினால் வீணாகக் கிடக்காமல் போய்ச் சேரும் என்று பார்ப்பது. இன்று ஒரு சரக்கு ஐந்து நாள் சும்மா கிடக்க இருந்ததைக் கண்டுபிடித்து வேறு கப்பலுக்கு மாற்றினேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

வீட்டில் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நாளைக்குள் டிக்கெட்டைப் பணம் பிடிக்காமல் மாற்றிக்கொள்ளலாம் என்று தகவல் வந்திருக்கிறது. கலைவாணி அதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

"இன்னும் ஒண்ணும் ஆகல. மாத்திடுங்க" என்றாள். "அத்தைக்குச் சொல்லவும் வேண்டாம். வந்து இறங்கட்டும். கேட்டா நான் பேசிக்கறேன்."

"கேக்க மாட்டாங்களா? திருச்சில ஏறி மறுநாளே இங்க இறங்கினா, கேக்க மாட்டாங்களா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

செப்டம்பர் 30, திங்கள்

மாற்றவில்லை. பக்கத்தைத் திறந்தேன். சிங்கப்பூர் வழியில் ஜன்னல் ஓரச் சீட்டுகூட இருந்தது. மூடிவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் அரசி அத்தை இருந்தார். அப்பாவின் அக்கா. பெயர் மங்கையர்க்கரசி. பெயருக்கு ஏற்ற அதிகாரம். போனைத் தானே வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். நானும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அதுதான் வினை.

"என்ன மருமவனே, இப்பவாச்சும் ஆத்தாள கூப்புடணும்னு தோணுச்சே. ஒங்க அப்பனுக்குத்தான் நீ வரல. வீரமணி கொள்ளி வச்சான். ஒத்தப் பிள்ளைய பெத்தும் அவனுக்குக் குடுத்து வைக்கல. எல்லாம் அங்க இருக்கற மகாராணி விட்டாத்தானே?"

அம்மா நடுவில் புகுந்து, "அண்ணி, சும்மா இருங்க. ரெண்டு நாள் தூரம். அவன் என்ன செய்வான்?" என்றாள்.

கலைவாணி அடுப்புப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் "சரிங்கத்தே" என்று மட்டும் சொன்னேன். எதற்குச் சரி?

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

கலைவாணி என்னைத் தடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனி கேன்டீனில் இருந்தபோது வீரமணி அண்ணன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டான். அப்பா விடியற்காலையில் போய்விட்டார். மாரடைப்பு. இ.பி.யில் லைன்மேனாக இருந்தவர், எத்தனை மழையில் கம்பம் ஏறியவர், கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். அம்மா போனை வாங்கினாள். அழுகையை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்வளவு நேரத்துல வருவே? ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும்."

நான், "ரெண்டு நாள் ஆகும்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. பழகிப்போன பதில், கேட்டதும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அம்மா சொன்னாள். "அப்ப வேண்டாம்டா. நாளைக்கே எடுத்துடறோம். நீ பதறாம வா."

வீட்டுக்கு வந்தபோது கலைவாணி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். "நாளைக்குக் காலைல ஒண்ணு இருக்கு. ராத்திரி திருச்சி. போடவா?" என்றாள்.

"சனிக்கிழமை ஏலம்" என்றேன்.

இந்த ஊரில் வீட்டை ஏலம் விட்டுத்தான் விற்கிறார்கள். எத்தனையோ ஏலத்தில் தோற்றுப்போய், கடைசியாக இந்த வீட்டின் மேல் ஆசை வைத்திருந்தோம்.

"ஏலம் கெடக்கட்டும். வேற வீடு வரும்."

"நான் போய் என்ன பண்ண? அவங்கதான் நாளைக்கே எடுக்கறாங்களே."

"நீங்க ரெண்டு நாள்னு சொன்னதால எடுக்கறாங்க. இப்பக் கூப்பிட்டு வர்றேன்னு சொல்லுங்க. வச்சிருப்பாங்க."

நான் கூப்பிடவில்லை.

அங்கே அப்பாவுக்குப் பால் தெளிக்கப் போகிற சனிக்கிழமையில் இங்கே ஏலம் நடந்தது. மூன்றாம் தரம் சொல்லி, சுத்தியலைத் தட்டி, வீடு எங்களுக்கு என்றார்கள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஏலக்காரர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சிங்கப்பூர் வழியாகத்தான். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூரம்ப்பா, என்ன செய்ய?" என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். தூரத்தின் மேல் போட முடியாத மிச்சப் பழியைக் கலைவாணியின் மேல் போட்டார்கள். அதற்கும் தலையாட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறுக்கவில்லையே.

அக்டோபர் 7, திங்கள்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் இருந்தது. விட்டுவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

அம்மாவின் அறை தயார். மெத்தையில் சூடேற்றும் விரிப்பு, ஜன்னலுக்குப் புதுத் திரை. யாழினி தன் மேசை விளக்கைத் தானம் செய்திருக்கிறாள்.

போனில் அம்மாவுக்கு மறுபடியும் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கெல்லாம் நம் ஊரில் வீல்சேர்தான் போடுவது. முட்டி வலிக்காக இல்லை, வழி தவறாமல் இருக்க. தள்ளிக்கொண்டு போகிறவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

"அவங்க எங்க உக்கார வைக்கறாங்களோ அங்கேயே இரும்மா. எழுந்து எங்கயும் போகாதே. போனா உன்னைத் தேட முடியாது, பிளேன் போயிடும்."

"எழுந்திரிக்க மாட்டேன்டா."

"கண்டிப்பா?"

"ஒங்க அப்பா மேல சத்தியமா."

அக்டோபர் 16, புதன்

அம்மா கிளம்பிவிட்டாள். வீரமணி அண்ணன் திருச்சியில் ஏற்றிவிட்டு, படம் எடுத்து அனுப்பினான். பட்டுப்புடவை, ஸ்வெட்டர், கால் சாக்ஸ், அதன் மேல் செருப்பு. மடியில் ஒரு மஞ்சள் பை.

கீழே அவன் எழுதியிருந்தது: "சித்தி போயிட்டாங்க. சுத்து வழி, பாத்துக்க."

பதிலுக்கு ஒரு நன்றி அனுப்பினேன்.

அக்டோபர் 17, வியாழன்

விமானம் எங்கே பறக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். சென்னையிலிருந்து கிளம்பியதை வேலையிடத்தில் பார்த்தேன். ஒரு சின்ன மஞ்சள் விமானம் என் அம்மாவை ஏற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. நான் செய்த வேலை படமாகவே கண் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

துபாயில் இறங்கிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் போன் அங்கே வேலை செய்யவில்லை. அந்த ஊர்ப் பகல் பூராவும் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 18, வெள்ளி

வந்துவிட்டாள்.

எல்லோரும் வெளியே வந்து முடித்த பிறகு கடைசியாக வீல்சேரில் வந்தாள். செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. மடியில் அந்த மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது.

கலைவாணி குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். இரண்டு காலும் வீங்கி, சாக்ஸின் விளிம்பு சதையில் பதிந்து வளையம் விழுந்திருந்தது.

"என்னத்தை இது!"

"ஒண்ணும் இல்லம்மா. உக்காந்தே இருந்தேன்ல."

"அவ்வளவு நேரமுமா? துபாய்ல எழுந்து நடக்கலையா?"

"இவன் எழுந்திரிக்காதேன்னு சொன்னானே. சத்தியம் பண்ணியிருந்தேன்."

"பாத்ரூம்?"

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். "தண்ணியே குடிக்கல. அப்புறம் எதுக்குப் போகணும்?"

கலைவாணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அப்படியே அம்மாவின் செருப்பை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் வீல்சேரைத் தள்ளினேன். என் அம்மாவுக்கு எடையே இல்லை.

அக்டோபர் 19, சனி

இடது கால் வலதை விட அதிகமாக வீங்கியிருந்ததால் டாக்டரிடம் போனோம். ரத்தம் உறைந்திருந்தால் ஆபத்து என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நானும் இருக்கப்போவதில்லை என்று நினைத்தேன். அது வீரமான நினைப்பு இல்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாது என்கிற பயம்தான்.

உறைவு இல்லை. வெறும் வீக்கம். காலை உயர்த்தி வைக்க வேண்டும், இறுக்கமான காலுறை போட வேண்டும்.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் கேட்டார், இந்த வயதில் இவ்வளவு நீண்ட பயணமா, இதைவிடக் குறைந்த நேரத்தில் வர வழியே இல்லையா என்று. கலைவாணி சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒன்றும் புரியாதவளாக என் முகத்தைப் பார்த்தாள்.

இல்லை என்றேன்.

அக்டோபர் 23, புதன்

வீக்கம் பாதி வடிந்துவிட்டது. அம்மா மஞ்சள் பையை இன்றுதான் பிரித்தாள். உள்ளே, பழைய புடவையில் நான்கு சுற்றுச் சுற்றி, அப்பாவின் படம். கண்ணாடி போட்டது. பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாளாம்.

"இங்க வந்து தேடிப் பாத்தேன். ஒங்க வீட்டுல அவர் படமே இல்லையே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

ஹாலில் ஆணி அடித்தேன். இந்தச் சுவர் அட்டைச் சுவர், இரண்டு தடவை ஆணி உள்ளே விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை நின்றது. அம்மா ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வெளிச்சமான வீடு. எப்ப வாங்கினது?"

"மூணு வருஷம் ஆச்சும்மா."

"அப்பா போன வருஷமா?"

"ஆமா."

"அவர் போறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

சுத்தியல் என் கையில் இருந்தது. "பின்னாலம்மா" என்றேன்.

"ம்" என்றாள். "படம் கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சிருக்கு பாரு."

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. அம்மாவே எண்ணெய் தேய்த்துவிட்டாள், எனக்கும் யாழினிக்கும். கலைவாணி பஜ்ஜி போட்டாள். இங்கே வெடி வெடிக்க அனுமதி இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான். அதனால் தீபாவளி சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறது.

மத்தியானம் திருச்சியில் விடிந்ததும் வீடியோவில் கூப்பிட்டோம். வீரமணி அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அரசி அத்தை நடு நாற்காலியில். வீரமணி அண்ணன் பின்னால் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். பலகாரம், மழை, யார் என்ன புடவை என்று பேச்சு ஓடியது. திடீரென்று அம்மா போனை என் கையிலிருந்து வாங்கித் தன் காலுக்கு நேராகப் பிடித்தாள்.

"அண்ணி, இதைப் பாருங்க. தெரியுதா? இப்ப வடிஞ்சிருக்கு. வந்து எறங்குனப்ப செருப்பே நுழையல."

"அடியாத்தீ! என்னடி இது?"

"ரெண்டு நாளு அண்ணி. புதன்கெழம பொழுதுசாய ஏறுனவ வெள்ளிக்கெழமதான் எறங்குனேன். ஒக்காந்து ஒக்காந்து இடுப்பே போச்சு. எனக்கே இப்பத்தான் தெரியுது, எவ்வளவு தூரம்னு. அன்னைக்குப் புள்ள வரல வரலன்னீங்களே, எப்படி வருவான்? பறந்து வந்தாலும் ரெண்டு நாளு. நாமதான் பொறுக்காம எடுத்துட்டோம். அதுக்குப் போயி இந்தப் பொண்ணைப் பேசுனீங்களே, அது உங்களுக்கு அடுக்குமா?"

அத்தையின் குரல் இறங்கிவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "நான் என்னத்தக் கண்டேன், தனம். தூரம்னா ஏதோ சொல்றாகன்னு நெனச்சேன். தப்புத்தான். கலைவாணி, மனசுல வச்சுக்காதடியம்மா. மருமவனே, ஒன்னையும் சொல்லிட்டேன்."

சுவர் ஓரத்தில் வீரமணி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பரவால்லங்கத்தே" என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கலைவாணி பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போனை அணைத்ததும் ஹாலில் நானும் அம்மாவும் மட்டும். மேலே அப்பா. அம்மா காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, முட்டியை நீவிக்கொண்டாள்.

"தணிகை, ஜனவரில போறப்ப என்னைய சிங்கப்பூர் வழியா அனுப்பு. இன்னொரு தடவ இந்தக் கால் தாங்காது."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உனக்கு... எப்பத்திலருந்தும்மா தெரியும்?"

"அன்னைக்கே. நீ போன் வைக்கறதுக்குள்ள வீரமணி அவன் போன்ல பாத்துட்டான். நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடலாம் சித்தி, நான் பெட்டிக்குச் சொல்லிட்டேன்னான். நான்தான் பெட்டி வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்."

"ஏம்மா? ஏன் என்னைக் கேக்கல? வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அப்பன் செத்ததுக்கு வாடான்னு நான் கூப்புடணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. நான் அவள் காலில் தலையை வைத்து அழுதேன். வீக்கம் இருந்த இடத்தில் என் நெற்றி பட்டுக் குழிந்தது. அவள் தடுக்கவில்லை. தலையைத் தடவவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை, சீயக்காய் போதவில்லை என்றாள்.

"நான் அத்தைக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிடறேம்மா. இப்பவே."

"சொல்லி? இப்பத்தான் காலக் காட்டி அத்தன பேரு முன்னால பேசியிருக்கேன். என்னைய பொய்க்காரி ஆக்கப்போறியா?"

இனிமேல் நான் உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வது நான் மட்டும் இல்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

அம்மாவுக்குத் திரும்பும் டிக்கெட்டை மாற்றிவிட்டேன். சிங்கப்பூர் வழி, நடைபாதை ஓரச் சீட்டு. கூடவே எனக்கும் ஒன்று. கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். கலைவாணி தேதியைப் பார்த்துவிட்டு, "நல்லது" என்று மட்டும் சொன்னாள். தீபாவளிக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து நேரத்தைப் பார்த்தாள். காலையில் இங்கே. அன்றைக்கு ராத்திரியே திருச்சி.

"அரசி அண்ணி கேக்குமே, எப்பக் கெளம்புனேன்னு" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு டிக்கெட்டை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"சிங்கப்பூர்ல ஒரு நாள் கெடந்தேன்னு சொல்லிக்கறேன்."